கறிக்கடையில் வாங்கிய இதயமும் பதினொரு பிள்ளைகளும்

"மாசத்துல ரெண்டாவது ஞாயிறு எங்க போறீங்க டாக்டர்?"

டியூட்டி ரூமில் இருந்து சொந்தக்காரங்க வரைக்கும் எல்லோரும் கேட்டாச்சு. வீட்டுக்கல்வி படிக்கிற பிள்ளைகளுக்கு செய்முறை வகுப்பு எடுக்கப் போறேன்னு சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "ஸ்கூலுக்கே போகாத பிள்ளைங்களுக்கு என்ன கிளாஸ்?"

ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இந்த நீண்ட இழை. பொறுமையாகப் படியுங்கள். கடைசிப் பகுதியில் பெற்றோருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் தேவைப்படுகிற மருத்துவத் தகவல் இருக்கிறது.

நான் கல்வியாளர் கிடையாது. ஒரு சிறு நகரத்தின் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓ.பி.யில் ஒரு அம்மா, மகனைக் காய்ச்சலுக்குக் கூட்டி வந்தார். எந்த ஸ்கூல் தம்பின்னு கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார்.

"வீட்லதான் படிக்கிறான் டாக்டர். நாங்க ஏழெட்டு குடும்பம் சேர்ந்து பண்றோம். கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் நாங்களே பாத்துக்கறோம். சயின்ஸ்ல செய்முறைதான் இடிக்குது. ஒரு நாள் வந்து பேசுறீங்களா?"

"பேசறதுக்கு யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. எதையாவது அறுத்துக் காட்டணும்னா வர்றேன்"னு சொன்னேன்.

அப்படி ஆரம்பித்தது. ஒரு குடும்பத்தின் பழைய நெல் குடோன்தான் எங்கள் லேப். 13 வயதில் இருந்து 17 வயது வரை பதினொரு பிள்ளைகள். காசு வாங்குவதில்லை. மதியச் சாப்பாடு மட்டும் உண்டு.

முதலில் சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஏன்னா கமென்டில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கொடுத்து, வருவதையும் படித்து முடிப்பதையும் உறுதி செய்வது அரசின் கடமை. பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. வீட்டுக்கல்விக்கு என்று தனியாக ஒரு பிரிவு அதில் இல்லை.

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் தேர்வு எழுதுவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக. என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்வார்கள். மத்திய அரசு 1989-ல் தொடங்கியது. 14 வயது ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வு, 15 ஆனால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. அறிவியல் பாடங்களுக்கு செய்முறைத் தேர்வும் உண்டு. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதலாமா என்ற வழக்கு பல வருஷம் இழுத்துக்கொண்டு போய், 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் "எழுதலாம்" என்று முடிந்தது.

ஆக, புத்தகம் இருக்கு. தேர்வு இருக்கு. சான்றிதழ் இருக்கு. இல்லாதது ரெண்டே ரெண்டுதான். கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள். கூட நின்னு பார்க்க இன்னும் நாலு பேர்.

இந்த ரெண்டையும் கொடுக்கத்தான் வகுப்பு.

முதல் வகுப்புக்கு முந்தின நாளே கறிக்கடை பாய்கிட்ட சொல்லி வைத்தேன். "பாய், நாலு ஆட்டு இதயம் வேணும். கீறாம, மேல இருக்கற குழாயை ஒட்ட வெட்டாம ரெண்டு விரல் நீளம் விட்டுக் கொடுங்க." பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கன்னு சொன்னதும் அவரே கழுவி, தனித்தனிக் கவரில் போட்டுக் கொடுத்தார். கூட ஒரு ஜோடி நுரையீரலும் மூச்சுக்குழலோடு கொடுத்து, "இதையும் காட்டுங்க டாக்டரம்மா"ன்னார். அதற்குக் காசு வாங்கவில்லை.

ஆட்டு இதயத்துக்கும் நம்ம மாதிரியே நாலு அறை. கையில் வாங்கினதும் எல்லாப் பிள்ளையும் செய்வது ஒன்றுதான். அமுக்கிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் மெத்தென்று இருக்கும், ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும். ஏன்னு அவர்களே கேட்பார்கள். வலது கீழறை பக்கத்தில் இருக்கிற நுரையீரலுக்கு மட்டும் ரத்தத்தைத் தள்ளினால் போதும். இடது கீழறை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரைக்கும் தள்ளணும். அதனால் மனித இதயத்தில் இடது பக்கச் சுவர் வலது பக்கத்தை விட சுமார் மூன்று மடங்கு தடிமன். இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் படிக்கலாம். பெருவிரலால் அமுக்கிப் பார்த்தவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது வால்வு. மகாதமனிக் குழாய்க்குள்ளே டம்ளரில் இருந்து தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் உள்ளே இறங்காமல் குழாயிலேயே நிற்கும். எட்டிப் பார்த்தால் மூன்று சின்ன இதழ்கள் பை மாதிரி உப்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, வாசலை அடைத்து நிற்கும். செத்த ஆட்டின் இதயத்தில் இருக்கிற வால்வு அப்பவும் தன் வேலையைச் செய்கிறது. குடோன் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது.

"அப்ப வால்வை யாரும் இழுத்து மூட வேணாமா அக்கா? தண்ணியோட கனமே மூடிக்குமா?"

பதின்மூன்று வயசுப் பையன் கேட்டது. இதுதான் பதிலும்.

பிறகு பேப்பரைக் குழலாகச் சுருட்டி ஒருத்தர் நெஞ்சில் இன்னொருத்தர் காது வைத்துக் கேட்டார்கள். ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். 1816-ல் பாரிசில் லேனக் என்ற டாக்டர் இப்படித்தான் ஒரு பெண் நோயாளிக்குக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அது. லப் என்று கேட்பது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற வால்வுகள் மூடுகிற சத்தம். டப் என்று கேட்பது, அவர்கள் இப்போதுதான் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களே, அந்த இடத்து வால்வுகள் மூடுகிற சத்தம். கண்ணால் பார்த்ததைக் காதால் கேட்டார்கள்.

மூன்றாவது சோதனைக்கு ஆடும் வேண்டாம், கருவியும் வேண்டாம். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-ல் வெளியிட்ட புத்தகத்தில் இருப்பது. மேல்கையில் துண்டை லேசாகக் கட்டினால் முன்கையில் நரம்பு புடைக்கும். நம்ம ஊரில் நரம்பு என்று சொல்வோம், உண்மையில் அது சிரை. அதில் ஒரு இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் மேல் நோக்கித் தடவிவிட்டால், அடுத்த வால்வு வரைக்கும் சிரை காலியாகவே கிடக்கும். மேலே இருந்து ரத்தம் திரும்பி வராது. கீழே அழுத்தின விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். ரத்தம் ஒரே திசையில்தான் ஓடுகிறது என்று ஹார்வி காட்டியது இப்படித்தான். ஒரு நிமிஷத்துக்கு மேல் கட்டி வைக்க வேண்டாம், அவ்வளவுதான் எச்சரிக்கை. உங்கள் கையிலேயே இப்போது செய்து பார்க்கலாம்.

நுரையீரலை என்ன செய்தோம்? சைக்கிள் பம்பு வைத்து ஊதினோம். வாயால் ஊதக்கூடாது. சுருங்கிக் கிடந்தது ரோஸ் கலரில் பலூன் மாதிரி விரிந்தது. ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு "எங்க அப்பா பீடி குடிக்கிறாங்க அக்கா"ன்னு மட்டும் சொன்னாள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டு சுற்றி நிற்க, ஒரு பையன் மட்டும் ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். வீட்டில் சைவம். தொட மாட்டேன், வாசனையும் ஒத்துக்கலைன்னான். சரிப்பா, தொட வேண்டாம், அங்கிருந்தே வரைஞ்சு குடுன்னு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். யாரையும் கட்டாயப்படுத்தி அறுக்க வைக்கக்கூடாது என்பது எங்கள் விதி.

அவன் வரைந்ததை வாங்கிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அறுத்தவர்கள் கவனிக்காத ஒன்றை அவன் கவனித்திருந்தான். இதயத்தின் வெளிப்பக்கம், கொழுப்புக்கு நடுவே, மெல்லிசாக ஓடுகிற ரத்தக்குழாய்கள். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரி தமனிகள். மாரடைப்பு வருவது அங்கேதான். "இது என்னக்கா, இதயத்துக்கு மேலயும் ரத்தக்குழாய் ஓடுது?"ன்னு அவன் கேட்டதில் இருந்துதான் அடுத்த மாத வகுப்பே வந்தது.

அன்றிலிருந்து ஓவியமும் வகுப்பில் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளில் ஒருத்தரின் சித்தப்பா சுவர் விளம்பரம் எழுதுகிறவர். அவர் வந்து ஒரு பழக்கம் வைத்தார். பத்து நிமிஷம் பென்சிலைத் தொடக்கூடாது. பார்க்க மட்டும் செய்யணும். பதினோராவது நிமிஷம்தான் வரையணும்.

இது வெறும் கலை ஆர்வம் கிடையாது. லியனார்டோ டா வின்சி சுமார் ஐநூறு வருஷத்துக்கு முன்னால் மாட்டு இதயத்தை அறுத்து, வரைந்து, மகாதமனியின் தொடக்கத்துக்குக் கண்ணாடியில் ஒரு மாதிரி செய்து, தண்ணீரில் புல் விதைகளைக் கலந்து ஓட்டி, சுழல் எப்படி உண்டாகிறது என்று பார்ப்பதற்கான குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நரம்பு செல்களை ஆராய்ந்து 1906-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு கஹால், சின்ன வயசில் ஓவியனாக ஆசைப்பட்டவர். அவர் கையால் வரைந்த படங்களை இன்றும் பாடப்புத்தகங்களில் போடுகிறார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை ஓவியக் காட்சியகத்துக்கு அழைத்துப் போய், ஒரு படத்தைப் பார்த்து அதில் இருப்பதை மட்டும் சொல்லப் பழக்கினார்கள். அவர்கள் நோயாளிகளின் புகைப்படங்களைப் பார்த்து அறிகுறிகளை விவரிப்பதில் மற்ற மாணவர்களை விட மேலாக இருந்தார்கள். 2001-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. பார்ப்பது பழகினால் வரும் என்பதுதான் விஷயம்.

ஓவியத்துக்குப் பிறகு மண். பக்கத்து ஊரில் பானை செய்கிற தாத்தா ஒருவரைக் கூட்டி வந்தோம். இதயத்தை மண்ணில் செய்யலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். தாத்தா அறுத்த இதயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள குடைஞ்சுதான் செய்யணும் சாமி. கட்டியா வச்சா சூளையில வெடிச்சிரும். சுவரு ஒரே கனத்துல இருந்தாத்தான் விரிசல் விடாது. இதுல என்ன ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் மெல்லிசா இருக்கு?"

மெல்லிசான இடம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், தடியான இடம் மெதுவாகக் காயும், நடுவில் விரிசல் விழும். தாத்தாவுக்கு இதயம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இதயத்தைச் செய்வதில் இருக்கிற சிக்கல் என்னவென்று என்னை விட அவருக்குத் தெரிந்தது. ஈரத்துணி போட்டு, நிழலில், நாள்கணக்கில் மெதுவாகக் காய வைக்கச் சொன்னார். பதினொன்றில் நாலு உடையாமல் வெளியே வந்தது. உடைந்த ஏழு பேரும் எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று எழுதினார்கள். இடது கீழறைச் சுவர் தடிமன் என்பது இனி அவர்களுக்குப் பரீட்சைக் கேள்வி இல்லை. அதனால் அவர்களின் பொருள் உடைந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பதினொரு பேரில் எல்லோரும் விரும்பி வீட்டில் இருப்பவர்கள் இல்லை. சில பெற்றோர் யோசித்து, பிள்ளையிடம் கேட்டு எடுத்த முடிவு. ஒரு பிள்ளை பரதநாட்டியப் பயிற்சிக்காக. ஆனால் ஒரு பெண், 14 வயது, வேறு காரணத்தால் வந்தவள். அடையாளம் தெரியாத அளவுக்கு, அவளிடமும் அப்பாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். இது பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் போல இல்லை. இனிப்பு சாப்பிட்டதால் வருவதும் இல்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை அழித்துவிடும். மாத்திரை போதாது. வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசி, பொதுவாக ஒரு நாளைக்கு நாலு முறை. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் உலகிலேயே முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளி லியனார்ட் தாம்சன் என்ற பையன். அவனுக்கும் வயது 14. அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி இறந்துதான் போனார்கள். அந்தப் பையன் அதற்குப் பிறகு 13 வருஷம் வாழ்ந்தான். நூறு வருஷம் கழித்து, அந்த மருந்து கையில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு நம்ம ஊரில் பிரச்சினையாக இருந்தது மருந்து இல்லை, பள்ளி.

ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். ஊசியை வகுப்புக்குள் கொண்டுவரக்கூடாது. பாட்டிலில் ஜூஸ் வைத்திருந்தால் மற்ற பிள்ளைகளும் கேட்பார்கள். சுற்றுலாவுக்கு வேண்டாம், விளையாட்டு விழாவுக்கு வேண்டாம். ஒரு நாள் வகுப்பில் சர்க்கரை குறைந்து மயங்கியதும், "ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்லைன்னு எழுதிக் குடுங்க"ன்னு கேட்டிருக்கிறார்கள். அப்பா லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். எழுதிக் கொடுக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது அவளுக்கு வயது 12. கட்டாயக் கல்வி வயசு.

இதை வீட்டுக்கல்வி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெளியே தள்ளியதற்கு மரியாதையான பெயர் வைத்திருக்கிறோம்.

முதல் மூன்று மாதம் அவள் யாருடனும் பேசவில்லை. ஊசி போட குடோனுக்குப் பின்னால் போய்விடுவாள். நாலாவது மாதம், கணையம் பற்றிய வகுப்பு. அவளிடம் தனியாகக் கேட்டேன். "நீ எடுக்கறியா?" ரொம்ப நேரம் யோசித்துவிட்டு சரியென்றாள்.

அன்று குளுக்கோமீட்டரைத் தன் விரலில் குத்திக் காட்டினாள். மற்றவர்களைக் குத்த விடவில்லை. ஒருத்தருக்குப் பயன்படுத்திய ஊசியை இன்னொருத்தர் தொடவே கூடாது என்று அவளே கண்டிப்பாகச் சொன்னாள். இன்சுலினை ஏன் வெயிலில் வைக்கக்கூடாது, வயிற்றில் ஏன் இடம் மாற்றி மாற்றிப் போடணும், 70-க்குக் கீழே போனால் உடம்பு எப்படி இருக்கும் என்று நாற்பது நிமிஷம் பேசினாள். "கை நடுங்கும். வேர்க்கும். பசிக்கும். சும்மா சும்மா கோவம் வரும். அப்ப நான் 'ஒண்ணும் இல்ல'ன்னுதான் சொல்லுவேன். நம்பாதீங்க"ன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த மாதம். ஓவிய வகுப்பு. பத்து நிமிஷம் பார்த்து முடித்து, எல்லோரும் ஒரு செம்பருத்திப் பூவை வரைந்துகொண்டிருந்தார்கள். அந்த சைவப் பையன் தலையைத் தூக்கினான்.

"அக்கா, இவ கோடு நடுங்குது. எப்பவும் ஒரே இழுப்புல வரைவா."

"ஒண்ணும் இல்லடா"ன்னாள் அவள்.

"நீதானே சொன்ன, ஒண்ணும் இல்லன்னு சொன்னா நம்பாதீங்கன்னு. உதட்டுக்கு மேல வேர்த்திருக்கு பாரு."

நான் நாற்காலியை விட்டு எழுந்ததற்குள் ஒரு பெண் அவள் பையை எடுத்து வந்துவிட்டாள். மீட்டரில் 58. காலையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளை மிதித்து வந்திருக்கிறாள். இருப்பதிலேயே சின்னவன் உள்ளே ஓடி மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி எடுத்து வந்தான். இன்னொருத்தன் வாட்சைப் பார்த்து நேரம் குறித்தான். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார்கள். 84. ஒரு வாழைப்பழமும் டப்பாவில் இருந்த மீதி இட்லியும் சாப்பிட்டாள். பிறகு அந்தப் பூவை வரைந்து முடித்தாள்.

டாக்டர் நான் அங்கே செய்த வேலை, பக்கத்தில் நின்றது மட்டும்தான்.

ஒரு பயிற்சி பெற்ற நர்ஸ் இல்லை. லேப் இல்லை. பதின்ம வயசுப் பிள்ளைகள் பத்து பேரும் ஒரு சர்க்கரை டப்பாவும். இவ்வளவு பெரிய கட்டடமும் பஸ்சும் வைத்திருக்கிற ஒரு பள்ளியால் முடியாமல் போனது இதுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகணும். வீட்டுக்கல்வி பெற்றோர்கள் இதைக் கவனியுங்கள்.

பள்ளி என்பது பாடம் சொல்லித் தருகிற இடம் மட்டும் இல்லை. அரசின் பல மருத்துவத் திட்டங்கள் பள்ளி வழியாகத்தான் பிள்ளையைப் போய்ச் சேருகின்றன. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. தடுப்பூசி, அதாவது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரை. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. கண், காது, பல் பரிசோதனை. பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு இதெல்லாம் விட்டுப்போகும். எங்கள் பதினொரு பேரிடம் கேட்டதில் ஐந்து பேருக்கு 10 வயது ஊசி போடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசம். போய்க் கேட்டால் போதும்.

கண் பரிசோதனையை நாங்கள் வகுப்பாகவே வைத்தோம். எழுத்துப் பலகையை சுவரில் மாட்டி, ஆறு மீட்டர் டேப்பால் அளந்து, ஒருத்தரை ஒருத்தர் சோதித்தார்கள். 1862-ல் நெதர்லாந்தின் ஸ்னெல்லன் கொண்டுவந்த முறை. எழுத்தின் அளவுக்கும் தூரத்துக்கும் உள்ள கணக்கையும் அதிலேயே படித்தாச்சு. இரண்டு பேருக்குக் கண்ணாடி தேவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கரும்பலகை இல்லாத வீட்டில், தூரத்து எழுத்து தெரியவில்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

மூன்றாவதாக ஒன்று. இது கசப்பான விஷயம். "வீட்லதான் படிக்கிறா"ன்னு சொல்லி என்னிடம் வருகிற எல்லாப் பெண் பிள்ளைகளும் படிப்பதில்லை. சிலர் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிறார்கள். சிலரை நான் பார்ப்பது பிரசவ வார்டில். அது வீட்டுக்கல்வி இல்லை, அதற்குப் பெயர் வேறு. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகள் உதவி எண், இலவசம், இருபத்து நாலு மணி நேரமும்.

உண்மையான வீட்டுக்கல்விக்கு எனக்குத் தெரிந்த அடையாளம் எளிமையானது. பிள்ளை வெளியே வரும். நாலு பேரோடு சேரும். அம்மா அப்பா இல்லாத இன்னொரு பெரியவரிடம் கேள்வி கேட்கும். தான் செய்த பொருளைக் காட்டும். பிள்ளையை யாரும் பார்க்க முடியவில்லை என்றால் அங்கே ஏதோ சரியில்லை.

இதைப் படிக்கிற யாராவது உங்கள் ஊரில் இப்படி ஒரு வகுப்பு தொடங்க நினைத்தால், எனக்குத் தெரிந்த சில குறிப்புகள்.

லேப் வேண்டாம். மேஜை, தண்ணீர், சோப்பு, கையுறை, ப்ளேடு பிடிக்க ஒரு பெரியவர். இது போதும்.

மாதம் ஒரு பொருள். ஒன்றையே மூன்று வழியில் தொடுங்கள். அறுக்கணும், வரையணும், செய்யணும். அவசரப்பட்டால் ஒன்றும் தங்காது.

டாக்டரோ இன்ஜினியரோ மட்டும் தேடாதீர்கள். கறிக்கடை பாய், பானை செய்கிற தாத்தா, சுவர் எழுதுகிற சித்தப்பா. இவர்களிடம் இருக்கிற பாடம் எந்த ஆப்பிலும் இல்லை.

மைக்ராஸ்கோப் வாங்க வசதி இல்லையா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் காகிதத்தை மடித்துச் செய்கிற ஃபோல்டுஸ்கோப்பை உருவாக்கியிருக்கிறார்கள். 140 மடங்கு பெரிதாகக் காட்டும். குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு போதும், ஒரு ஞாயிறு போய்விடும்.

பள்ளிக்குப் போகிற பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்புக்கு இப்போது பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் பள்ளி கிடையாதே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளை இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு முன் ஊசி போட ஒரு சுத்தமான இடமும் ஐந்து நிமிஷமும் கொடுங்கள். கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள்.

நடுக்கம், வேர்வை, திடீர்க் கோபம், தடுமாற்றம் தெரிந்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள். பார்க்க வசதி இல்லையென்றால் காத்திருக்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி கொடுங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிட வையுங்கள். தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு அழையுங்கள்.

விளையாட்டில் இருந்தும் சுற்றுலாவில் இருந்தும் விலக்க வேண்டாம். பையில் சர்க்கரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்தப் பெண் என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்திருக்கிறாள். போன மாதம் என்னிடம், "பிளஸ் ஒன் ஸ்கூல்ல படிக்கணும் அக்கா. கூட்டமா இருக்கற கிளாஸ்ல உக்காரணும்"ன்னாள். அவள் அப்பாவோடு நானும் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். நோயைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சர்க்கரையை ஸ்டாஃப் ரூம்ல வைக்கலாமா டாக்டர், இல்ல கிளாஸ்லயே வைக்கணுமா?"

கிளாஸிலேயே வைங்க டீச்சர், கை எட்டுகிற இடத்தில் வைங்கன்னு சொன்னேன். ரிசல்ட் வந்ததும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாத வகுப்புக்கு சிறுநீரகம். பாய்கிட்ட சொல்லியாச்சு.

நீளமாக எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால், அந்தச் சர்க்கரை பகுதியை மட்டுமாவது அவர்களுக்கு அனுப்புங்கள்.